முன்கண்ணாடி விரிசல்: அடைத்தால் போதுமா, மாற்ற வேண்டுமா?

விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் விவசாயத்தில் ஒரு பகுதியே. மாட்டு வண்டிக் காலத்தில் அச்சாணியையும் பட்டாவையும் பார்த்துக்கொண்டால் போதுமாக இருந்தது. இன்று சிறு விவசாயிகள் பலர் தனியாகவோ, அண்ணன் தம்பி சேர்ந்தோ ஒரு வேன் அல்லது மினி லாரி வைத்திருக்கிறார்கள். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது கிராமத்து மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தார்கள். 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. கத்தரியும் வெண்டையும் கீரைக்கட்டும் விடிவதற்குள் கோயம்பேடு போய்ச் சேருவது இவ்வகை வண்டிகளால்தான்.

யானை வாங்கியவர் அங்குசத்தையும் பராமரிக்க வேண்டும். எஞ்சினுக்கு ஆயில் மாற்றுவதையும் டயருக்குக் காற்றடிப்பதையும் யாரும் மறப்பதில்லை. ஆனால் முன்கண்ணாடியில் ஒரு கல் தெறித்துப் புள்ளி விழுந்தால், ‘ஓடும் வரை ஓடட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் புள்ளி கோடாகிறது. கோடு கண்ணாடியின் குறுக்கே ஓடுகிறது. பிறகுதான் அடைக்கலாமா, மாற்றலாமா என்ற யோசனை வருகிறது. அதற்குள் அடைக்கும் காலம் போய்விடுகிறது.

இந்தக் கேள்வி மறைமலை நகர் வட்டாரத்து உழவர்களுக்கு மற்றவர்களைக் காட்டிலும் அடிக்கடி வரும். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலை இன்று தொழிற்சாலைகளின் சாலை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. மறைமலை நகரில் 1999-ல் தொடங்கிய ஃபோர்டு கார் உற்பத்தி 2022-ல் நின்றது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலையும், 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலையும் வந்தன. ஆலை வந்தால் கட்டடம் வரும். கட்டடம் வந்தால் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் வரும். கீரை ஏற்றிய வேனும் ஜல்லி ஏற்றிய டிப்பரும் ஒரே சாலையில் முன்னும் பின்னுமாக ஓடுகின்றன. லாரியிலிருந்து சிந்தும் கல்லும், இரட்டை டயர்களின் நடுவே சிக்கித் தெறிக்கும் கல்லும் பின்னால் வரும் வேனின் கண்ணாடியில்தான் அடிக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. செயின்ட்-கோபைன் நிறுவனத்தின் பெரிய கண்ணாடி ஆலை 2000-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீபெரும்புதூரில்தான் இயங்குகிறது. கண்ணாடி தயாராகும் ஊர் பக்கத்திலேயே இருந்தும், உடைந்த கண்ணாடியோடு ஓடும் விவசாய வண்டிகள் அந்தச் சாலையில் இருக்கின்றன. கண்ணாடி கிடைக்காததால் வருகிற நிலை அல்ல இது. எப்போது அடைப்பது, எப்போது மாற்றுவது என்பது தெளிவாகச் சொல்லப்படாததே காரணம்.

முன்கண்ணாடி எப்படிப்பட்டது?

வண்டியின் எல்லாக் கண்ணாடியும் ஒன்றல்ல. பக்கக் கண்ணாடிகள் பொதுவாகச் சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கப்பட்டவை. அவை உடைந்தால் கற்கண்டுத் தூள் போலச் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். முன்கண்ணாடி அப்படியல்ல. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக ஒட்டிச் செய்யப்படுகிறது. கல் பட்டால் வெளிக் கண்ணாடி விரிசல் விடும். ஆனால் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த யோசனை தற்செயலாகப் பிறந்தது. 1903-ல் பிரெஞ்சு நாட்டு எடுவார் பெனடிக்டஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. உள்ளே இருந்த திரவம் காய்ந்து ஒரு படலமாகப் படிந்திருந்ததுதான் காரணம் என்று அவர் கண்டார். 1909-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இந்தியாவில் பழைய லாரிகளிலும் வேன்களிலும் முன்பக்கமும் உதிரும் வகைக் கண்ணாடியே இருந்தது. ஒரு கல் பட்டால் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகி எதிரே ஒன்றும் தெரியாமல் போனதை வயதான டிரைவர்கள் சொல்வார்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 1993-ல் திருத்தம் செய்யப்பட்டது. அதன்படி மூன்றாண்டு அவகாசத்துக்குப் பின் தயாரான வண்டிகளுக்கு, இரு சக்கர வண்டியும் விவசாய டிராக்டரும் நீங்கலாக, படலம் வைத்த முன்கண்ணாடி கட்டாயமாயிற்று. அடைப்பது என்ற பேச்சுக்கே இடமிருப்பது இந்த வகைக் கண்ணாடியில்தான். உதிரும் வகைக் கண்ணாடி போட்ட பழைய வண்டியில் அடைப்பு வேலை நடக்காது.

படலம் வைத்த கண்ணாடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது காற்றையும் மழையையும் மட்டும் தடுப்பதில்லை. பசை போட்டு ஒட்டிய வண்டிகளில் கூரைக்கும் முன்பக்கக் கூட்டுக்கும் அது பலம் தருகிறது. மோதலின்போது உள்ளே இருப்பவர் வெளியே தூக்கி எறியப்படாமல் தடுக்கிறது. காற்றுப்பை உள்ள சில வண்டிகளில், விரியும் பை சாய்ந்து நிற்பதற்கும் அந்தக் கண்ணாடியே துணை. இவ்வளவு வேலை செய்யும் பொருளை வெறும் ஜன்னலாக நினைப்பது தவறு.

நண்டு வளையும் கண்ணாடித் தெறிப்பும்

ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டுச் சீமையின் உழவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. வரப்பில் நண்டு வளை சிறிதாக இருக்கும்போது ஒரு கை களிமண் போதும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு மழையில் வரப்பே உடைந்துபோகும். கண்ணாடித் தெறிப்பும் அப்படித்தான்.

தெறித்த இடத்தின் நுனிகளில் இழுவிசை குவிந்து நிற்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் கண்ணாடி சூடேறி விரியும். அந்த நேரத்தில் குளிர்ந்த தண்ணீரை வாரி அடித்தாலோ, குளிர்சாதனத்தைத் திறந்து முழு வேகத்தில் கண்ணாடி மேல் விட்டாலோ, ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரிந்து நிற்கும். விரிசல் ஓட அது போதும். அளவுக்கு மீறிய லோடுடன் வயல் பாதையில் இறங்கினால் வண்டியின் கூடு முறுகும். அந்த முறுக்கல் கண்ணாடியின் ஓரத்துக்கு வரும். கதவை அறைந்து சாத்துவதும் அதிர்ச்சி கொடுக்கும். இரவில் புள்ளியாக இருந்தது மறுநாள் பகலில் முழ நீளக் கோடாவது இப்படித்தான்.

எனவே தெறிப்பு விழுந்த அன்றே சில காரியங்களைச் செய்ய வேண்டும். காய்ந்த துணியால் மேலே உள்ள தூசியைத் துடைத்து, தெறித்த புள்ளியின் மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாள், அதாவது தெளிவான செல்லோ டேப், ஒட்டிவிட வேண்டும். இதனால் தண்ணீரும் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ளே போகா. உள்ளே அழுக்கு புகுந்துவிட்டால் பின்னால் நல்ல பிசின் விட்டாலும் பிடிக்காது. வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். சூடான கண்ணாடியில் தண்ணீர் அடிக்கக் கூடாது. பெவிக்விக் போன்ற பசையையும், நகப்பூச்சையும் தாமே விடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அவை வெளியே மட்டும் மூடி, உள்ளே காற்றை அடைத்து வைக்கும். முறையான அடைப்பு வேலையையும் அவை கெடுத்துவிடும்.

அடைக்கத் தகுந்தது எது?

அடைப்பு வேலை பெரிய மந்திரம் அல்ல. தெறிப்பின் மேல் ஒரு சிறு கருவியைப் பொருத்தி உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். பிறகு தெளிவான பிசினை அழுத்தி உள்ளே செலுத்துகிறார்கள். புற ஊதாக் கதிர் விளக்கைக் காட்டி அதை இறுக வைக்கிறார்கள். மேலே உள்ள குழியை நிரப்பிச் சுரண்டி மெருகேற்றுகிறார்கள். சுமார் அரை மணி நேர வேலை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரே பிசினை முன்கூட்டி இறுக்கிவிடும் என்பதால் நிழலில்தான் செய்ய வேண்டும். கண்ணாடி சூடாக இருந்தால் ஆற விட வேண்டும். ஈரமாக இருந்தால் உலர்த்த வேண்டும். இவற்றைக் கவனிக்காமல் சாலையோர வெயிலில் நின்று வேலை செய்பவரிடம் வண்டியைக் கொடுக்கலாகாது.

அடைப்பது பலன் தருவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மறைத்துவிடக்கூடிய தெறிப்பாக இருக்க வேண்டும். கோடாக இருந்தால் சுமார் 15 செ.மீ. வரை பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். வெளிக் கண்ணாடி மட்டும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள உள்பக்கத்தில் நகத்தால் மெல்லத் தடவிப் பார்க்கலாம். நகம் தட்டினால் உள் கண்ணாடியும் உடைந்துள்ளது என்று பொருள். அதை அடைக்க முடியாது. தெறிப்பு புதிதாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும்.

அடைத்த பிறகு தழும்பே இராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. மங்கிய ஒரு தழும்பு நிற்கும். அடைப்பின் நோக்கம் அழகு அல்ல; விரிசல் மேற்கொண்டு ஓடாமல் கட்டிப்போடுவதே. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பிறகு பட்டறைக்காரரோடு சண்டை வராது.

மாற்றியே தீர வேண்டியது எது?

நான்கு நிலைகளில் அடைப்பு என்ற பேச்சே கூடாது.

முதலாவது, விரிசல் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டிருந்தால், அல்லது ஓரத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் மாற்ற வேண்டும். கண்ணாடியின் பலமும் பலவீனமும் ஓரத்தில்தான் இருக்கின்றன. ஓர விரிசல் அடைத்த பிறகும் ஓடும்.

இரண்டாவது, உள் கண்ணாடியோ நடுப் படலமோ பாதிக்கப்பட்டிருந்தால் மாற்ற வேண்டும். படலம் வெளுத்துப் பால் நிறமாகத் தெரிந்தால் உள்ளே ஈரம் புகுந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்றாவது, பல இடங்களில் தெறித்திருந்தாலும், ஒரே இடத்திலிருந்து நீண்ட கால்கள் பல திசையில் ஓடியிருந்தாலும் மாற்ற வேண்டும்.

நான்காவது, டிரைவரின் கண்ணுக்கு நேரே இருந்தால் மாற்ற வேண்டும். இதுதான் உழவர்கள் மிகவும் அலட்சியம் செய்யும் இடம். பிரிட்டனில் ஆண்டுதோறும் வண்டியைச் சோதிக்கும்போது, ஸ்டீயரிங்கின் நேர் மேலே 290 மி.மீ. அகலமுள்ள பட்டையில் 10 மி.மீ.க்கு மேற்பட்ட சேதம் இருந்தால் வண்டியைத் தள்ளிவிடுகிறார்கள். வைப்பர் துடைக்கும் மற்ற இடத்தில் 40 மி.மீ. வரை விட்டுவிடுகிறார்கள். இது இந்திய விதியல்ல. ஆயினும் ஒரே சேதம் ஓரிடத்தில் சிறியது, மற்றோரிடத்தில் பெரியது என்பதைப் புரிந்துகொள்ள நல்ல அளவுகோல்.

‘பகலில் எல்லாம் தெரிகிறதே, பிறகு என்ன?’ என்று கேட்கலாம். காய்கறி வண்டி பகலில் ஓடுவதில்லை. நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, ஜி.எஸ்.டி. சாலையில் எதிரே வரும் பஸ், லாரிகளின் முகப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே போகிறது. அந்த வெளிச்சம் விரிசலில் பட்டால் கோடு முழுவதும் மின்னும். அந்த மின்னலுக்குப் பின்னால் சாலையைக் கடக்கும் ஆலைத் தொழிலாளியோ, விளக்கில்லாத சைக்கிளோ, படுத்திருக்கும் மாடோ ஒரு கணம் மறைந்துவிடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் போய்விடுகிறது. அந்த ஒரு விநாடிக்கு எந்த மண்டியிலும் விலை கிடைக்காது.

சட்டமும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆபத்து விளைவிக்கக்கூடிய பழுது இருப்பதைத் தெரிந்தும் வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவதும், ஓட்ட விடுவதும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவின்படி குற்றம். ஓட்ட விடுவது என்பதால் டிரைவர் மட்டுமல்ல, சொந்தக்காரரும் பதில் சொல்ல வேண்டும். வாடகை வண்டியாகப் பதிவு செய்தவர்கள் எஃப்.சி.க்குப் போகும் நாளிலும் கண்ணாடி கண்ணில் படும். எஃப்.சி. தேதி நெருங்கும்போது அவசரத்தில் கிடைத்த கண்ணாடியைப் போடுவதை விட, முன்னதாகவே திட்டமிடுவது சிக்கனம்.

இன்ஷூரன்ஸ் கணக்கு

இனி பணம். சிறு விவசாயியின் தயக்கம் பெரும்பாலும் இங்கேதான். அது நியாயமான தயக்கமே. விதைக்கும் உரத்துக்கும் ஒதுக்கிய பணத்தில் கண்ணாடி வாங்கு என்று சொல்வது சுலபம், கொடுப்பது கடினம்.

முதலில் பாலிசித் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தால் சொந்தக் கண்ணாடிக்கு ஒரு காசும் கிடைக்காது. முழுப் பாலிசி எடுத்திருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி கழிக்கப்படும்; கண்ணாடிக்குக் கழிவு இல்லை. சொந்தக்காரர் கட்டாயமாக ஏற்க வேண்டிய ஒரு தொகை மட்டும் போகும்.

அதனால் உடனே கிளைம் போட்டுவிடலாமா? அதிலும் கணக்கு இருக்கிறது. கிளைம் இல்லாத ஆண்டுகளுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. அது முதலாண்டுக்குப் பின் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரு கிளைம் போட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. சொந்தச் சேதப் பிரீமியம் ஆண்டுக்கு ரூ.6,000 என்றும், புதுக் கண்ணாடிக்குக் கூலியோடு ரூ.7,000 என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு கிளைம் இல்லாமல் 50 சதவீதத் தள்ளுபடி பெறுபவர் கிளைம் போட்டால், அடுத்த ஆண்டு ரூ.3,000 அதிகம் கட்டுவார். அதற்கடுத்த ஆண்டுகளில் முறையே ரூ.1,800, ரூ.1,500, ரூ.900, ரூ.300 அதிகம் கட்டுவார். ஆகமொத்தம் ரூ.7,500. ஆண்டுக்காண்டு வண்டியின் மதிப்புக் குறைவதால் இது சற்றுக் குறையலாம். ஆயினும் கட்டாயத் தொகையையும் கழித்துப் பார்த்தால் கிளைம் போட்டதில் பெரிய லாபம் இராது.

அதே வண்டி முதலாண்டுப் பாலிசியில் இருந்தால் கணக்கு மாறும். அவர் இழப்பது ஐந்து ஆண்டுகளில் மொத்தம் ரூ.3,000 மட்டுமே. அவர் கிளைம் போடுவது நல்லது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் கிளைம் போட்டார் என்பதற்காகவோ, போடவில்லை என்பதற்காகவோ முடிவு செய்யாமல் தம் பாலிசியை வைத்துக் கணக்குப் போட வேண்டும். தள்ளுபடியைக் காப்பாற்றும் கூடுதல் பிரிவு பாலிசியில் இருக்கிறதா, சிறு அடைப்பு வேலையைக் கிளைமாகக் கருதுவார்களா என்பதையும் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம். கிளைம் போடுவதானால் கண்ணாடியைக் கழற்றும் முன்பே கம்பெனிக்குத் தெரிவித்து, படம் எடுத்து, அவர்கள் பார்வையிட்ட பின்பே வேலையைத் தொடங்க வேண்டும். மாற்றிய பின் ரசீதை நீட்டினால் பணம் கிடைப்பது சந்தேகமே.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் விளங்கும். புதுக் கண்ணாடி விலையில் ஒரு சிறு பகுதிதான் ஒரு தெறிப்பை அடைக்க ஆகும். கிளைம் தேவையில்லை, தள்ளுபடியும் போகாது, வண்டியும் அரை மணியில் வந்துவிடும். நகத்தால் கிள்ளி எறிய வேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டுவானேன்?

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

கண்ணாடியின் மூலையில் தயாரித்தவர் பெயரோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். வண்டிக் கம்பெனியின் பெயர் பொறித்ததுதான் வேண்டும் என்பதில்லை. தரமான கண்ணாடிக் கம்பெனிகள் நேரடியாக விற்பதும் உண்டு, விலையும் குறையலாம். முத்திரை இல்லாத கண்ணாடி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சில மலிவுக் கண்ணாடிகளில் எதிரே உள்ள கோடுகள் அலை அலையாக நெளிந்து தெரியும். பொருத்துவதற்கு முன்பே தூக்கிப் பிடித்து அதன் வழியாக ஒரு மின்கம்பத்தைப் பார்த்தால் நெளிவு தெரிந்துவிடும்.

உடைந்த வண்டியிலிருந்து கழற்றிய பழைய கண்ணாடியை வாங்கிப் போடும் வழக்கமும் இருக்கிறது. பசை போட்டு ஒட்டிய கண்ணாடியை ஓரத்தில் அடிபடாமல் கழற்றுவது அரிது. மோதிய வண்டியின் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஓர விரிசல் இருக்கக்கூடும். மிச்சம் பிடித்த பணம் இரண்டாவது கூலியில் போய்விடும்.

சில வண்டிகளில் கண்ணாடி பீடிங் ரப்பரில் உட்காரும். சிலவற்றில் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ரப்பர் வகையானால், காய்ந்து இறுகிய பழைய ரப்பரையும் சேர்த்து மாற்றுவது நல்லது. இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் கசிந்து தகடு துருப்பிடிக்கும், ஒயர்களும் கெடும். பசை வகையானால், சட்டத்தில் உள்ள துருவைச் சுரண்டிப் பூச்சுப் பூசிய பின்பே பசை விட வேண்டும். துருவின் மேல் விட்ட பசை துருவோடு சேர்ந்து பெயர்ந்து வரும்.

பசை இறுகும் நேரம் மிகவும் முக்கியம். பசையின் வகையையும், காற்றின் சூட்டையும் ஈரத்தையும் பொறுத்து, ஒரு மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை ஆகலாம். எத்தனை மணிக்கு வண்டியை எடுக்கலாம் என்று கேட்டு, அதற்கு முன் எடுக்கக் கூடாது. அன்றிரவே லோடு ஏற்றி வயல் பாதையில் இறக்கினால் போட்ட கண்ணாடி சரியாகப் பிடிக்காது. முதல் நாள் ஜன்னலைச் சிறிது திறந்து வைத்து, கதவை மெதுவாகச் சாத்த வேண்டும். ஓரிரு நாள் பம்பு வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவக் கூடாது. சந்தை விடுமுறை நாளில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் ஒரு நாள் நஷ்டம் மிச்சமாகும்.

புதுக் கண்ணாடிக்குப் பழைய வைப்பரை விடுவது, புது வேட்டியை முள்வேலியில் காயப்போடுவது போன்றது. தேய்ந்த ரப்பரில் மணல் ஒட்டி வட்ட வட்டமாகக் கீறிவிடும். அந்தக் கீறலை எந்தப் பிசினும் அடைக்காது. வெயில் தாங்கவில்லை என்று கறுப்புத் தாள் ஒட்டுவதும் கூடாது. முன்கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் வர வேண்டும் என்பது விதி.

ஆட்சேபணைகள்

‘வருஷத்துக்கு இரண்டு முறை கல் படும் சாலை இது. ஒவ்வொரு முறையும் மாற்றினால் கட்டுப்படியாகுமா?’ என்று ஒரு ஆட்சேபணை உண்டு. ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்லவில்லை. புள்ளியாக இருக்கும்போதே அடைப்பவர் அடிக்கடி மாற்ற வேண்டி வராது. டிப்பரின் பின்னால் இடைவெளி விட்டு மெதுவாகப் போனால் பாதிக் கற்கள் படாமலே போகும். படும் கல்லும் மெல்லப் படும். வேகம் இரு மடங்கானால் அடியின் ஆற்றல் நான்கு மடங்காகிறது.

‘அடைப்பு வேலையே ஏமாற்று, மாற்றுவதுதான் சரி’ என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். மாற்றினால் அவர்களுக்கு வியாபாரம். ‘எதையும் அடைத்துவிடலாம்’ என்று அடைப்பு வேலை மட்டும் செய்பவர் சொல்வார். அது அவர் வியாபாரம். நோயாளியே தன் நோயைச் சற்றுத் தெரிந்துகொண்டு வைத்தியரிடம் போவது நல்லது. நாணயத்தையும் நகத்தையும் இரண்டு அங்குல அளவையும் நினைவில் வைத்திருப்பவரை இரு தரப்பாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

மற்றவர்கள் செய்ய வேண்டியது

எல்லாச் சுமையையும் உழவர் தலையில் வைப்பது முறையல்ல. ஜல்லியும் மணலும் ஏற்றும் லாரிகள் தார்ப்பாய் போட்டு மூடி, பின்கதவை இறுக்கி ஓட வேண்டும். கிரஷரிலிருந்து சாலைக்கு ஏறும் இடத்திலேயே இதைப் பார்த்துத் தடுத்தால் ஆயிரம் கண்ணாடிகள் பிழைக்கும். சாலை வேலை முடிந்த இடத்தில் சிதறிய ஜல்லியைக் கூட்டிப் பெருக்கும் வரை ஒப்பந்தக்காரரின் வேலை முடிந்ததாகக் கருதக் கூடாது. ஆலைகளுக்குப் பொருள் ஏற்றி வரும் வண்டிகளுக்கு ஆலை வாசலில் எத்தனையோ சோதனை நடக்கிறது. அதில் தார்ப்பாயையும் சேர்ப்பது பெரிய காரியமல்ல.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் யோசிக்க வேண்டும். சிறு தெறிப்பை அடைத்துக் கொடுப்பது நாளைக்கு முழுக் கண்ணாடிக்குப் பணம் கொடுப்பதைத் தவிர்க்கும். அடைப்பு வேலைக்காகத் தள்ளுபடியைப் பறிக்காத வழக்கம் எல்லாப் பாலிசிகளுக்கும் வந்தால் கம்பெனிக்கும் லாபம், உழவருக்கும் லாபம்.

உழவர் உற்பத்தியாளர் குழுக்களும், கூட்டுறவுச் சங்கங்களும் ஒரு நல்ல காரியம் செய்யலாம். அடைப்புக் கருவி ஒரு பெட்டியில் அடங்கும். பழகிய ஒரு பணியாளரை மாதம் ஒரு நாள் கிராமத்துக்கு அழைத்து, கொட்டகை நிழலில் பத்து வண்டிகளைப் பார்க்கச் செய்தால் கூலியும் குறையும்; யாரும் ஒரு நாளை வீணாக்க வேண்டியதில்லை. மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி முகாம் நடத்தும் ஊரில் வண்டிக்கு இப்படி ஒரு முகாம் நடத்த முடியாதா?

முடிவாக

சிறிய, புதிய, ஓரத்திலும் டிரைவர் கண்ணுக்கு நேரேயும் இல்லாத தெறிப்பை ஒரு வாரத்துக்குள் அடைத்துவிட வேண்டும். ஓரம் தொட்டது, உள்ளே இறங்கியது, நீண்டு ஓடியது, கண்ணுக்கு நேரே நிற்பது ஆகியவற்றைச் செலவு பாராமல் மாற்ற வேண்டும். உடனே பணம் இல்லை என்றால், மாற்றும் வரை இரவு ஓட்டத்தை நிறுத்தி, லோடை வேறு வண்டியில் பங்கு போட்டு அனுப்புவதே புத்திசாலித்தனம். ஒரு வார வாடகை கையைக் கடிக்கும். ஆனால் ஆளைக் கடிக்காது.

கலப்பைக் கொழு தேய்ந்தால் உழவு கெடும் என்று தெரிந்து உழவர் அதை உடனே மாற்றுகிறார். வண்டியின் கண்ணாடி தேய்ந்தாலும் உடைந்தாலும் கெடுவது உழவு மட்டுமல்ல. அந்த வண்டியில் முன்னால் உட்கார்ந்து போவது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன் ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடியை ஒரு முறை சுற்றிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.